உலூகநாதன் முகம்

அந்தப் புத்தகத்தைத் திருப்பி வையுங்கள், தம்பி. பின்னட்டை மேலே வரட்டும். ஆமாம், அப்படி. 'விரைவில்' என்று நாலு படம் போட்டிருக்கிறான் பாருங்கள், அதைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். மூன்று பாகம் ஓடிய அந்தப் போலீஸ் படம். பாகத்துக்கு ஒரு வீடு மாறுகிற பேய்ப் படம். மாமியார் மருமகள் சீரியலைக்கூடக் காமிக்ஸ் ஆக்கப்போகிறார்களாம். கட்டம் கட்டமாக அழுவார்கள் போலிருக்கிறது.

முன்னட்டை மட்டும் என் பக்கம் வேண்டாம்.

யாருக்கு, மகளுக்கா? நல்லது. படிக்கட்டும். கதை நல்ல கதைதான். முகம்தான் தப்பு.

என்ன தப்பா? சொல்கிறேன். இந்த பஸ் சைதாப்பேட்டையைத் தாண்ட நேரமாகும். நடுவில் கேள்வி கேட்காதீர்கள். எனக்குப் பிடிக்காது.

'ஏழாவது குகை' சீரியல் பார்த்திருப்பீர்கள். பார்க்காமலா புத்தகம் வாங்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அதில் மந்திரவாதி உலூகநாதன். உலூகம் என்றால் ஆந்தை. நரைத்தாடி, கறுப்பு முக்காடு, தோளில் பஞ்சு அடைத்த ஆந்தை ஒன்று. பிள்ளைகள் சாப்பிடாவிட்டால் உலூகனைக் கூப்பிடுவேன் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அந்த உலூகநாதன் நான்தான்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான்தான். பொன்னுரங்கம் என்று பெயர்.

உங்களுக்குத் தெரிந்த முகம் வேறு. அது எனக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிந்தது சிகாமணியின் முகம். அவன் எனக்குப் பிறகு வந்தவன். ஆரம்பித்தது நான். அந்தக் கூன் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? டைரக்டர் சொல்லவில்லை. ஆந்தை தோளில் உட்கார்ந்தால் மனுஷன் நிமிர்ந்து நடக்க மாட்டான் என்று நானாக யோசித்து வளைத்தேன். அந்தச் சிரிப்பு? முதலில் மூச்சை உள்ளே இழுத்து, அப்புறம் சத்தம் இல்லாமல் வாயைத் திறந்து, கடைசியில் விடுகிற சிரிப்பு. அதுவும் நான். இந்த மூக்கைப் பாருங்கள். கூச்சப்படாமல் பாருங்கள். இதற்கு ஒட்டு வேலை தேவையில்லை. சிகாமணிக்குக் குடைமிளகாய் மூக்கு. அவனுக்கு ரப்பரில் மூக்கு செய்து ஒட்டினார்கள். எதைப் பார்த்துச் செய்தார்கள்? என்னுடையதைப் பார்த்து. அவன் முகத்தில் இருந்ததும் என் மூக்குதான்.

தாடி ஒட்டுகிற பசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாடை முழுக்கக் கொப்புளம். கொஞ்ச நாள் பசை படக்கூடாது என்றார் டாக்டர். படப்பிடிப்பு நிற்காது என்றார்கள் அவர்கள். சிகாமணி வீட்டுக்கு வந்தான். நானும் அவனும் ஒரே நாடகக் கம்பெனியில் இருந்தவர்கள். ஒரே பாயில் படுத்தவர்கள். வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, என்னைக் கூப்பிடறாங்க. நீங்க வேணாம்னா நான் போகலை."

"போய்ட்டு வா."

"இல்லண்ணே, உங்க மனசுல ஏதாச்சும்..."

"போடான்னு சொல்றேன்ல."

போய்விட்டான்.

பாருங்கள். போ என்றால் போய்விடுவதா? அத்தனை வருஷம் பழகியவன், என் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன். என்னை எவனும் போ என்று சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குகைக்குள்ளிருந்து உலூகநாதன் வருகிறான். தாடி அதே தாடி. ஆந்தை அதே ஆந்தை. கீழே எழுத்து ஓடுகிறது, 'பொன்னுரங்கத்துக்குப் பதில் இனி சிகாமணி.' சீரியலில் போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். நமக்கு அது ஒரு வரி. அடுத்த வினாடி கதை போய்க்கொண்டே இருக்கும். என் பெயர் அந்தத் திரையில் வந்தது அதுதான் கடைசி. அதுவும் எழுத்துப் பெரிதாக இல்லை.

கொப்புளம் ஆறிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. சீரியல் வருஷக்கணக்கில் ஓடியது. அவன் காய்கறிக் கடைக்குப் போனால் பிள்ளைகள் ஓடி ஒளிந்தன. நான் போனால் தக்காளியை அழுத்திப் பார்க்காதே பெரியவரே என்றார்கள்.

அதுகூடப் போகட்டும். இதைக் கேளுங்கள். சானல் கைமாறியபோது ஆரம்பத்துப் பகுதிகள் இருந்த டேப் எல்லாம் வீணாகிவிட்டதாம். யூடியூபில் தேடிப் பாருங்கள். சிகாமணி வந்ததிலிருந்துதான் கதையே தொடங்கும். நான் நடித்தது எங்கேயும் இல்லை. நான் நடித்தேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னால் நீங்கள் பார்த்தீர்களே, அந்த மாதிரி பார்ப்பார்கள்.

போன தீபாவளிக்கு மகள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா, உங்க சீரியல் புக்கா வருதாம்." புத்தகக் கண்காட்சிக்கு வரப்போகிற காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிப்பகத்தார் விளம்பரம் விட்டிருந்தார்கள். எல்லாம் சினிமா, சீரியல். நம்முடையதும் ஒன்று. உலூகநாதன் குகை வாசலில் நிற்கிறான். முதுகைக் காட்டி நிற்கிறான். முகம் இல்லை.

வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். ஆவலைத் தூண்டுகிற வேலை.

ஆனால் கூன் இருந்தது, தம்பி. சிகாமணி எவ்வளவு முயன்றும் அந்தக் கூன் அவனுக்குச் சரியாக வந்ததில்லை. அவனுக்கு முதுகு வலிப்பவன்போலத்தான் வரும். இந்த முதுகு என் முதுகு. மகளிடம் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகப் போய்விடுகிறது. சின்னதாக்கி மறுபடி பார்த்தேன். சீரியல் போய்விடும். அச்சில் வந்தால் நிற்கும். பிள்ளைகள் வைத்திருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். உலூகநாதன் என்றால் அந்தப் புத்தகத்தில் இருக்கிற முகம்தான் என்றாகிவிடும். அதற்குப் பிறகு யார் வந்து எந்த எழுத்தை ஓட்டினாலும் மாறாது.

காமிக்ஸ் வாசகர்கள் வாட்ஸ்அப்பில் கூட்டமாக இருக்கிறார்கள், தெரியுமா? உங்கள் வயசுக்காரர்கள்தான், தலை நரைத்தவர்கள், சின்னப் பிள்ளைகள்போலச் சண்டை போடுகிறார்கள். மாப்பிள்ளை அதில் இருக்கிறார். பழைய உலூகனா, புது உலூகனா என்று அங்கே வழக்கு. ஒருத்தன் எழுதியிருக்கிறான், 'பழைய உலூகனா? அப்படி ஒருத்தர் இருந்தாரா என்ன?' அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

படம் வரைவது பெனிட்டா என்று ஒரு பெண். கொளத்தூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைதான் விசாரித்து நம்பர் வாங்கித் தந்தார். "நேராப் போய்ப் பேசிடுங்க மாமா. உங்க ஃபோட்டோவைக் குடுங்க. முகத்தைப் பாத்தா அவங்களே வரைவாங்க" என்றார்.

நான் கேட்க மாட்டேன். வாய்விட்டு எதையும் கேட்டு வாங்கிய பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

அதனால் வேறு விதமாக யோசித்தேன். சிகாமணி தன் முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அப்புறம் அவர்களே என்னைத் தேடி வரவேண்டியதுதானே. அவன் சொல்வானா? சொல்ல மாட்டான். எவன் சொல்வான்? அதனால் நானே அவனாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாடகக் கம்பெனியில் ஒருத்தனுக்குத் தொண்டை கட்டிவிட்டால் அவன் மேடையில் வாயை மட்டும் அசைப்பான். படுதாவுக்குப் பின்னால் இன்னொருத்தன் பேசுவான். சிகாமணிக்கு மார்கழி வந்தால் தொண்டை போய்விடும். படுதாவுக்குப் பின்னால் நின்று அவனுக்குப் பேசினவன் நான். அவன் குரல் அவனைவிட எனக்குச் சுத்தமாக வரும். மெல்லிசுக் குரல். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'இல்லீங்களா' சேர்ப்பான். சோறு வேண்டும் இல்லீங்களா, தூக்கம் வருது இல்லீங்களா.

மகள் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"வணக்கம்மா. சிகாமணி பேசறேன். இது நம்ம பொண்ணு நம்பர் இல்லீங்களா."

"சொல்லுங்க சார். நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"அந்த உலூகநாதன் விஷயம்தாம்மா. என் முகத்தைப் போட வேணாம்னு சொல்லத்தான்..."

"அதான் போன வாரமே சொல்லிட்டீங்களே சார்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பொன்னுரங்கம் சார் முகம்தான் வரணும்னு நீங்க சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு. சானல்ல குடுத்த படம் எல்லாத்துலயும் நீங்கதானே இருக்கீங்க. ஆனா நீங்க கொண்டுவந்து குடுத்த அந்த நாடக ஃபோட்டோவெல்லாம் பாத்தேனா, அந்த மூக்கை விட மனசு வரலை. அட்டை முடிச்சுட்டேன் சார். உள்ளயும் பாதிக்கு மேல வந்தாச்சு."

"அப்படீங்களா."

"அவருக்குத் தெரிய வேணாம்னு சொன்னீங்கல்ல, நான் யார்கிட்டயும் வாய் திறக்கலை. விழாவுல துணியை எடுக்கறப்பதான் அவர் பாக்கணும். சரிதானே சார்?"

எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்கள்.

சந்தோஷமா? உங்களுக்கு வயசு போதாது, தம்பி. நான் நின்று யோசித்தேன். என் நாடக ஃபோட்டோ அவனிடம் எதற்கு இருக்கிறது? இத்தனை வருஷம் எதற்குப் பத்திரமாக வைத்திருந்தான்? அது ஒன்று. என் முகத்தை எனக்கு அவன் கொடுக்கிறான். அவன் முகம் இல்லை, என் முகம். அதைக் கொடுக்க அவன் யார்? விழா மேடையில் துணியை எடுப்பார்கள். நான் கீழே உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் கை தட்டுவார்கள். யாருக்கு? எனக்கா? சிகாமணிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தட்டுவார்கள். புத்தகத்தைத் திறக்கிறபோதெல்லாம் என் முகம் இருக்கும். பார்க்கிறவன் என்ன சொல்வான்? இது சிகாமணி விட்டுக்கொடுத்தது என்பான். வேடத்தை வாங்கிக்கொண்டான். பெயரை வாங்கிக்கொண்டான். நல்லவன் என்கிற பெயரையும் அவனே எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

"மனசு மாறிட்டேம்மா" என்றேன்.

"சார்?"

"என் முகத்தையே போட்டுடும்மா. பேரப்பிள்ளைங்க ரொம்ப ஆசைப்படுதுங்க இல்லீங்களா."



"அட்டை முடிஞ்சிருச்சே சார்" என்றாள்.

நான் காத்திருந்தேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். இப்போது மறுப்பாள். முடியாது சார், அவர்தான் நிஜ உலூகநாதன், அந்த மூக்கை நான் விட மாட்டேன் என்பாள். சொன்னாளே, மனசு வரலை என்று. மனசு வராதவள் சண்டை போட வேண்டாமா?

"சரி சார்" என்றாள். "உங்க முகம், நீங்க சொல்றதுதான். கம்ப்யூட்டர்லதானே, மாத்திடறேன்."

"இதைப் பத்தி மறுபடி என்கிட்ட எதுவும் கேக்க வேணாம்மா. எனக்கே கூச்சமா இருக்கு இல்லீங்களா."

"சரி சார்."

அவ்வளவுதான். அழித்துவிட்டாள். பொன்னுரங்கம் சாருக்கு இது அநியாயம் இல்லையா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகெலும்பு இல்லாத பிள்ளைகள். அப்படி அழித்த முகம்தான் உங்கள் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது.

என்ன? நான்தானே சொன்னேன் என்கிறீர்களா?

நான் எங்கே சொன்னேன்? அவளிடம் சொன்னது சிகாமணி. அவளைப் பொறுத்தவரை சிகாமணி. சிகாமணி சொன்னால் என் முகத்தை அழித்துவிடலாமா? அதைத்தான் கேட்கிறேன். நடுவில் பேசாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

மார்கழி முழுக்க அவன் என் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தான். தொண்டை கட்டியிருந்தது. மப்ளரைச் சுற்றிக்கொண்டு வருவான். காரணம் எதுவும் இருக்காது. காபி குடிப்பான். "அண்ணே, புத்தகம் வெளியிடறாங்களே, நீங்க கட்டாயம் வரணும் இல்லீங்களா" என்பான். முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கிவைத்திருப்பான். மகள் வந்தால் அவளைப் பார்த்தும் அதே சிரிப்பு.

"எதுக்குடா நான்?"

"சும்மாதாண்ணே. நம்ம சீரியல் இல்லீங்களா."

நம்ம சீரியல்.

ஒரு நாள் எனக்கு வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். விழாவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். "ஃபோட்டோ எடுப்பாங்கண்ணே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அந்த ஒரு கணம் அவன் மேல் இரக்கம் வந்தது. உடனே போய்விட்டது. சட்டை என் அளவுக்குச் சரியாக இருந்தது. என் அளவு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

இன்றைக்குத்தான் விழா. நீங்கள் ஸ்டாலில் வாங்கினீர்கள், அரங்கத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்காது. மேடையில் ஆளுயரத்துக்கு அட்டையைப் பெரிதாக்கி வைத்து மேலே மஞ்சள் துணி போட்டிருந்தார்கள். சிகாமணி மேடையில் உட்கார்ந்திருந்தான். என்னையும் மேலே கூப்பிட்டான், நான் போகவில்லை. ஓரமாகக் கீழே உட்கார்ந்தேன். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். வேறு சட்டை வெளுக்கப் போட்டிருந்தது.

துணியை அவனைத்தான் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டுத் திரும்பி அட்டையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே என்னைத் தேடினான். அடக்கிவைத்திருந்தானே அந்தச் சிரிப்பு, அதைச் சிரித்துக்கொண்டு தேடினான். கூட்டம் கை தட்டியது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் அவன் முகம், ஆள் உயரம். ரப்பர் மூக்கோடு. முன்னால் அதே முகம் சின்னதாக. பெரியது முறைத்தது. சின்னது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அந்தப் பெண் பெனிட்டா பக்கத்தில் நின்று எல்லாம் நல்லபடியாக நடந்ததுபோலச் சிரித்தாள்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மூக்கைப் பார்த்தேன், தம்பி. நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள். என்னுடையதை எப்படி வரைந்திருந்தாளோ. அதை நான் பார்க்கவே இல்லை. அவளும் நானும் பேசிய அந்த ஒரு போனில்தான் அது இருந்தது.

மைக்கை அவனிடம் கொடுத்தார்கள். உலூகநாதன் சிரிப்பைச் சிரித்துக் காட்டுங்கள் என்றார்கள். அவன் சிரிக்கவில்லை.

"இது தப்புங்க" என்றான். தொண்டை கட்டிய குரல். "இது நான் இல்லீங்க. எங்கயோ தப்பு நடந்திருக்கு. உலூகநாதன்னா எங்க பொன்னுரங்கம் அண்ணன். கூன் அவருது, சிரிப்பு அவருது. நான் அவர் போட்ட தாடியை எடுத்து மாட்டிக்கிட்டவன். அவர் இங்க வந்திருக்காரு. அண்ணே, எந்திரிங்கண்ணே."

எல்லாத் தலையும் திரும்பியது. எதைத் தேடுவது என்று ஒரு தலைக்கும் தெரியவில்லை. மேடை விளக்கு அவன் கண்ணில் அடித்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தான். தொகுப்பாளர் பெண் இன்னொரு மைக்கோடு கீழே இறங்கி வந்தாள். வயசான ஆண்களாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். "ஐயா, பொன்னுரங்கம் சார் நீங்களா? ஐயா, நீங்களா?"

என்னிடம் வந்தாள். மைக்கை நீட்டினாள்.

எழுந்திருக்கலாம்தான். எழுந்தால் என்ன? பாவம் என்பார்கள். அவன் கைகாட்டின இடத்தில் நான் நிற்க வேண்டும். அவன் கொடுத்த சட்டையில். அவன் கொடுத்த பெயரில்.

"அவர் வரலை" என்றேன்.

மைக் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. நம்பிவிட்டார்கள். நம்பாமல் என்ன, என் முகம் எவனுக்குத் தெரியும்? "அவர் வரலையாம் சார்" என்று அந்தப் பெண் மேடையைப் பார்த்துச் சொன்னாள்.

மேடையில் அவன் அசையவில்லை. என் குரல் அவனுக்குத் தெரியாதா? கையை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டான். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கையெழுத்து வாங்க மேடையோரம் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பேனாவை நீட்டின. வாங்கவில்லை.

"வரலைன்னா பரவால்லீங்க" என்றான் மைக்கில். "அவர் வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன். கையெழுத்து அவர்தான் போடணும் இல்லீங்களா."

அதற்கும் கை தட்டினார்கள், தம்பி. அவனுக்குத்தான்.